பதினொரு பேர் பார்த்த நாற்காலி

அத்தானுக்குத் தெரியாது என்று இந்த உலகத்தில் ஒரு விஷயம் கிடையாது. வாஷிங் மெஷின் நின்றுபோனால் ஏனென்று தெரியும். யாருக்காவது முதுகு பிடித்துக்கொண்டால் எந்த நரம்பு என்று தெரியும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஏன் வேலை கிடைக்கவில்லை என்பதுகூடத் தெரியும். எதிராளி வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தி, "அதெல்லாம் எனக்குத் தெரியும்மா" என்பார். சின்னவளின் அக்கா புருஷன்; தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிற கம்பெனியில் மேனேஜர். இருபது வருஷம் விற்று விற்று, வீட்டிலும் எதையாவது விற்றுக்கொண்டே இருக்கிற வாய். சின்னவள் மனசுக்குள் அவருக்கு 'தெரியும்மா' என்றே பெயர் வைத்திருந்தாள்.

சின்னவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை. ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய குளிர்பதனக் கிடங்கில் கம்ப்யூட்டர் நெட்வொர்க் முழுக்க அவள் பொறுப்பு. பதினேழு வருஷமாக. அங்கே வாட்ச்மேனிலிருந்து முதலாளி வரை அவளை 'ஒயர் மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் சொன்னால் மறுபேச்சு இருக்காது. ஆனால் வீட்டுப் படியேறிவிட்டால் போதும், அந்த மரியாதை செருப்போடு வெளியே நின்றுவிடும். "ஏதோ கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றா" என்று சித்தி நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். இவர்களிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்று சின்னவளும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து இரண்டு வருஷத்துக்கு முன்பே கழன்றுகொண்டாள். நாற்பத்து மூன்று பேர், தினமும் நாற்பத்து மூன்று காலை வணக்கம், நாற்பத்து மூன்று ரோஜாப்பூ. போதுமடா சாமி.

இந்த லட்சணத்தில்தான் அப்பா விழுந்தார். பாத்ரூம் வாசலில் வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்து, பிளேட் வைத்தார்கள். மூன்று மாதம் அக்கா வீட்டில் இருந்தார். நாலாவது மாதம் முதல் தேதி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாக்கரைத் தள்ளியபடி, தன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அத்தானின் பேச்சைத் தாங்க முடியாமல் ஓடி வந்தார் என்பது சின்னவளின் கட்சி.

டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இன்னொரு தடவை விழுந்தால் அதோடு தனிக்குடித்தனம் சரி. அக்கா மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள். கடைசியில் சின்னவள்தான் ஒரு வழி சொன்னாள். கூடத்தில் ஒரு கேமரா, பாத்ரூமுக்குப் போகிற நடையில் ஒரு கேமரா. வேலையிடத்திலிருந்தே போனில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்பா உடனே ஒத்துக்கொள்ளவில்லை.

"யார் யார் பாப்பீங்க?"

"நானும் அக்காவும் மட்டும்பா."

"மூணாவது மனுஷன் கண்ணு என் மேல படக் கூடாது. பனியனோட உக்காந்திருப்பேன், காலை நீட்டிக்கிட்டுக் கெடப்பேன், எனக்குள்ளயே பேசிப்பேன். அது என் வீடு."

"சத்தியமாப்பா. ஈ காக்கா நுழையாது."

"சரி, வை."

"விழுந்துட்டா பதறாதீங்க. பக்கத்து வீட்டு டெய்லரைக் கூப்பிடுங்க. சாவி அவர்கிட்டதான் இருக்கு."

அப்பா அவளை ஒரு மாதிரி பார்த்தார். முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். நடுவில் நின்றுபோன லிஃப்ட்டிலிருந்து எத்தனையோ பேரை வெளியே எடுத்தவர்.

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவன் என்ன பண்ணணும் தெரியுமா பாப்பா? கத்தக் கூடாது. கதவைப் போட்டு ஒடைக்கக் கூடாது. பெல்லை அமுக்கிட்டுப் பேசாம உக்காரணும். ஆளு வருவான். நான் போகாம இருந்ததே கெடையாது. உன் கேமராவைப் பாத்துக் கையைக் காட்டறேன். நீ வா."

"வந்துடுவேன்பா," என்றாள் சின்னவள்.

கேமரா மாட்டுகிற அன்றைக்கு அத்தானும் வந்து சேர்ந்தார், கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு. எதற்கு என்று அந்த ஸ்க்ரூ டிரைவருக்கே தெரியாது.

"இதுக்கு எதுக்கும்மா இவ்வளவு பாடு? ரவுட்டர்ல ஒரு வழியைத் தொறந்து விடு. பாஸ்வேர்டு மாமா பொறந்த வருஷம். முடிஞ்சுபோச்சு. எல்லாருக்கும் ஈஸி."

"எல்லாருக்கும் ஈஸின்னா திருடனுக்கும் ஈஸி அத்தான். அப்படித் தொறந்து வெச்சா ஒரு மணி நேரத்துல எந்தெந்த ஊருக்காரனோ வந்து கைப்பிடியைத் திருகிப் பாப்பான்."

"அதெல்லாம் எனக்குத் தெரியும்மா."

தெரியுமாம்! சின்னவள் அவரை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள். ரவுட்டர் பக்கத்தில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பெட்டி. அதற்குள் ஒரு சுரங்கப்பாதை. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது. சாவி இருக்கிற போன் தட்டினால் மட்டும் திறக்கும். ஒரு போனுக்கு ஒரு சாவி. தன் போனில் ஒன்றைப் போட்டுக்கொண்டாள். அக்காவுக்கு ஒன்றை உண்டாக்கி, புள்ளிப் புள்ளியாகச் சதுரமாக வருகிற அந்தப் படத்தைக் காகிதத்தில் அச்செடுத்துக் கொடுத்தாள். அக்கா போனைக் காட்டி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை இப்பவே கிழிச்சுப் போட்டுடுக்கா. இதே சாவியை இன்னொரு போன்ல போட்டா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு புடிச்சு வெளிய தள்ளும். ஒருத்தருக்குப் படம் ஓடும், மத்தவங்களுக்கு அப்படியே நின்னுடும். நின்னுபோச்சுன்னே தெரியாது, அதுதான் மோசம்."

"குடு, நான் கிழிச்சுடறேன்," என்று அத்தான் வாங்கிக்கொண்டார்.

அங்கேதான் சின்னவள் கோட்டைவிட்டாள். அத்தான் தன் ஆயுசில் ஒரு காகிதத்தைக் கிழித்ததில்லை; லேமினேட் பண்ணித்தான் பழக்கம். மின்சார பில், பழைய பஸ் அட்டவணை, தான் வாங்கின 'சிறந்த விற்பனையாளர்' சான்றிதழ், எல்லாமே பிளாஸ்டிக் உறைக்குள் பளபளவென்று அவர் வீட்டில் தொங்கிக்கொண்டிருக்கும்.

இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. டீ குடிக்கப் போகும்போது சின்னவள் போனை எடுத்துப் பார்ப்பாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கும்.

மூன்றாம் வாரம் திங்கட்கிழமை காலை சித்தி போன் பண்ணினாள்.

"ஏண்டி, உங்க அப்பா என்ன இப்படி இளைச்சுட்டார்? பனியன்ல பாக்கவே சகிக்கல. நல்லதா நாலு சட்டை வாங்கிக் குடுங்களேண்டி."

"நீங்க எங்க பாத்தீங்க சித்தி?"

"போன்லதான். உங்க அத்தான் குரூப்ல போட்டிருந்தாரே, அந்தக் கட்டம் கட்டமா இருக்கிற படம். எந்த ஆப்பை இறக்கணும், எங்க அமுக்கணும்னு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டு எழுதி, கடைசியில 'அனைவரும் கண்டு பயன்பெறுக'ன்னு. மனுஷன்னா அவர்தான். நீயும் இருக்கியே, கூடப் பொறந்தவகிட்ட மட்டும் காட்டிக்கிட்டு."

சின்னவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கம்ப்யூட்டரைத் திறந்து, அப்பா வீட்டுப் பெட்டியின் பதிவுகளைப் பார்த்தாள். அக்காவின் சாவி ஒரே நாளில், அக்கா போன் போக, இன்னும் பதினொரு இடங்களிலிருந்து வந்திருந்தது. ஒன்று வந்து மற்றொன்றைத் தள்ள, அது திரும்பி வந்து இதைத் தள்ள, பஸ் கதவில் முண்டியடிக்கிற கூட்டம் மாதிரி நிமிஷத்துக்கு நிமிஷம் ஒரே தள்ளுமுள்ளு. பதினொரு பேர்! அப்பா முதுகு சொறிவதை, தூங்கி வழிவதை, செத்துப்போன அம்மாவின் படத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுப்பதைப் பதினொரு பேர் பொழுதுபோகாமல் பார்த்திருக்கிறார்கள். மூணாவது மனுஷன் கண்ணு படக் கூடாது என்று அந்த மனிதர் வாய்விட்டுக் கேட்டாரே!

அந்தச் சாவியை ரத்து பண்ண ஒரு நிமிஷம் போதும். அக்காவுக்குப் புதுச் சாவி போட இன்னொரு நிமிஷம். சின்னவளின் விரல் அந்த வரியின் மேல்தான் நின்றது.

அப்போதுதான் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. அத்தானுக்கு ஐம்பதாவது பிறந்தநாள். சித்தி, சித்தப்பா, பெரியம்மா வீட்டுக் கும்பல் என்று அத்தனை பேரும் அக்கா வீட்டில் கூடுவார்கள். கூடத்தில் சுவரளவு டிவி இருக்கிறது. இப்போதே ரத்து பண்ணினால் என்ன ஆகும்? 'நெட் சரியில்லை' என்று அத்தான் ஒரு கதை அளப்பார், எல்லாரும் தலையாட்டுவார்கள், அதோடு விஷயம் மண்மூடிப் போகும். கையும் களவுமாகப் பிடித்து, அத்தனை பேர் முன்னால், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டாமா? பதினேழு வருஷத்துக்கு ஒரு நாள் தனக்கும் கிடைக்க வேண்டாமா?

விரலை எடுத்துவிட்டாள். அன்று சாயங்காலமே உட்கார்ந்து ஏழு பக்கத்துக்குப் படக்காட்சி ஒன்று தயார் பண்ணினாள். பதினொரு சாவித்தடங்களும் பதினொரு சிவப்புக் கோடுகள். எந்தக் கோடு சித்தி வீட்டிலிருந்து, எது பெரியம்மா வீட்டிலிருந்து, எல்லாம் கண்டுபிடித்து எழுதினாள். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் 'அத்தானுக்குப் பிறந்தநாள் பரிசு' என்று போட்டு, கீழே தேதியும் போட்டாள். செய்கிற வேலையில் தேதி போடாமல் அவளுக்குக் கை ஓடாது. செய்து முடித்ததும் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை அப்பா போனில் கேட்டார்.

"யாரும் பாக்கலையே பாப்பா?"

"இல்லப்பா," என்றாள். ஞாயிறு வரைக்கும்தானே.

வியாழக்கிழமை கிடங்கில் வருஷாந்திரச் சோதனை. உறைநிலை அறைக்குள் போய் ஒவ்வொரு உஷ்ணமானியின் ஒயரையும் சரிபார்க்க வேண்டும். உள்ளே சிக்னல் வராது, அந்தக் குளிரில் போனும் செத்துவிடும். வெளியே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். வழக்கமாக இந்த மாதிரி நாளில் அக்காதான் அப்பாவைப் பார்த்துக்கொள்வாள். 'பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் நீ பாத்துக்கோ' என்று சின்னவள் செய்தி அனுப்பினாள். 'கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கறேன், நீ போ' என்று அக்கா பதில் போட்டாள்.

லாக்கரைப் பூட்டும்போது சின்னவளுக்கு உறுத்தியது. அக்காவின் சாவி எந்த நிலைமையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஒரு நிமிஷ வேலை. ஆனால் இன்றைக்குக் கை வைத்தால் அக்கா வீட்டில் விஷயம் உடைந்துவிடும், ஞாயிறு சப்பென்று போய்விடும். மூன்று மணி நேரத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்று மேல்கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

ஒன்று பத்துக்கு வெளியே வந்து, விறைத்த விரல்களைத் தேய்த்துக்கொண்டே போனைத் திறந்தாள். அவளுடைய சாவி நல்ல சாவி. படம் உடனே வந்தது. நாற்காலி காலியாக இருந்தது. நடையில் இருந்த கேமராவுக்கு மாற்றினாள். அப்பா தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். வாக்கர் சுவரோரம் கவிழ்ந்திருந்தது.

"ஐயோ அப்பா!" என்று அவள் போட்ட கூச்சலில் சுமைதூக்கிகள் ஓடி வந்தார்கள். டெய்லருக்கு போன் பண்ணினாள். அவர் தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். நாற்பதே வினாடியில் அவர் கால் கேமராவில் தெரிந்தது.

ஆம்புலன்ஸ், எக்ஸ்ரே, பெரிய டாக்டர் எல்லாம் முடிந்து, சாயங்காலம் ஆஸ்பத்திரி நடையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பிளேட் நகர்ந்துவிட்டது, மறுபடியும் திறக்க வேண்டும். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இனிமேல் அப்பா தன் வீட்டில் தனியாக இருப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை என்று டாக்டர் முடித்துவிட்டார்.

அக்கா போனை நீட்டினாள்.

"நான் பாத்துக்கிட்டேதான்டி இருந்தேன். சத்தியமா. நாற்காலியிலதான் உக்காந்திருந்தார். இதோ பாரு, குரூப்லகூடப் போட்டிருக்கேன்."

சின்னவள் இரண்டு வருஷம் கழித்து அந்தக் குரூப்பைப் படித்தாள். பத்து நாற்பதுக்கு அக்கா: 'அப்பா சேர்ல ஜம்முனு உக்காந்திருக்கார்.' கீழே எட்டு பேர் கைகூப்பியிருந்தார்கள். பதினொன்று ஐந்துக்குப் பெரியம்மா மருமகள்: 'எனக்கு சேர் காலியா தெரியுதே, மாமா எங்க?' அக்கா: 'இல்லையே, எனக்கு நல்லா தெரியறாரே.' சித்தி: 'எனக்கும் தெரியறார்.' அத்தான்: 'உன் நெட் ஸ்லோ. ஆப்பை ஒரு தடவை மூடித் திற.' பன்னிரண்டேகால் மணிக்கு அக்கா: 'அசையவே இல்ல, நல்ல தூக்கம் போல. பாவம், தூங்கட்டும்.'

கேமராவின் பதிவுப்படி அப்பா விழுந்தது பத்து முப்பத்தைந்துக்கு.

அத்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நான் அன்னைக்கே சொன்னேன். சிம்பிளா ஒரு பாஸ்வேர்டைப் போடும்மான்னு. சாவி, சுரங்கம்னு பெரிய சயின்ஸ் பண்ணினா இப்படித்தான்."

அவ்வளவுதான். சின்னவள் பையிலிருந்து லேப்டாப்பை உருவினாள். ஞாயிற்றுக்கிழமைக்கு என்று வைத்திருந்ததைத் திறந்து இருவர் மூஞ்சிக்கும் நேரே திருப்பினாள்.

"யாரு அத்தான் சயின்ஸ் பண்ணினது? எண்ணிக்கோங்க. பதினொண்ணு! நீங்க ஊருக்கெல்லாம் தானம் பண்ணின சாவி. ஒரு சாவியைப் பதினொரு பேர் புடிச்சு இழுத்தா யாருக்குப் படம் ஓடும்? அக்கா பாத்தது பத்தரை மணிப் படம். நின்னுபோன படம். அதைத்தான் ரெண்டு மணி நேரம் எல்லாருமா உக்காந்து வேடிக்கை பாத்திருக்கீங்க. கிழிங்கன்னு குடுத்ததை லேமினேட் பண்ணின ஆளு நீங்க!"

நடையில் போன நர்ஸ்கூட நின்று பார்த்தாள். அத்தானின் முகம் வெளுத்துவிட்டது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, கண்ணில் தண்ணீரோடு, "இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

இதற்காகத்தான் அவள் காத்திருந்தாள். டிவி இல்லை, கூட்டம் இல்லை, மற்றபடி எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்துவிட்டது.

அக்கா மட்டும் அத்தானைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிறந்தநாள் பரிசு," என்று வாசித்தாள். அப்புறம் கீழே இருந்ததையும் வாசித்தாள். "இது திங்கக்கிழமைத் தேதியாச்சேடி."

சின்னவள் திரையை மூடக் கை நீட்டினாள்; அக்கா தடுத்தாள்.

"திங்கக்கிழமையே உனக்குத் தெரியுமா?"

"அக்கா, அது வந்து..."

"படம் நின்னுபோகும், நின்னுபோனதே தெரியாதுன்னு நீதானே எனக்குச் சொன்னே. அது தெரிஞ்சே இன்னைக்கு என்னைப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போனியா?"

அத்தான் மெதுவாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவர் பார்வையில் கோபம்கூட இல்லை. எனக்குத் தெரியாது என்று அந்த மனிதர் சொல்லிவிட்டார். சின்னவளால் அதைச் சொல்ல முடியாது. அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, அக்காவின் சாவியைத் தேடி எடுத்து, ரத்து பண்ணினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

உள்ளே அப்பா வலிக்குப் போட்ட ஊசியின் மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்திருந்தார். அவளைப் பார்த்ததும் போர்வைக்கு வெளியே கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டியா," என்றார்.

"ஏம்பா டெய்லரைக் கூப்பிடல? ஒரு குரல் குடுத்திருந்தா ஓடி வந்திருப்பாரே."

"அவரு மெஷின் ஓடுற சத்தம்கூடக் கேட்டுச்சு. கூப்பிடலாம்னுதான் இருந்தேன்." அப்பாவுக்கு நாக்கு குழறியது, மெதுவாகச் சொன்னார். "கேமராவைப் பாத்துக் கையைக் காட்டினேன். நீ பாத்துட்டு இருக்கியே, வந்துடுவேன்னு பேசாம படுத்துட்டேன். வழியில ரொம்பக் கூட்டமா பாப்பா?"

யார் கேட்டாலும் திருப்பிக் கொடுக்க சின்னவளிடம் எப்போதும் ஒரு பதில் இருக்கும். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமாம்பா" என்றாள்.